பின்னமான கொற்றவை

கமலக்கண்ணன் மைக்கைப் பிடித்தால் கூட்டம் கலையாது. பட்டிமன்றத்தில் அவனை எந்த அணியில் உட்கார வைத்தாலும் அந்த அணிக்குத்தான் தீர்ப்பு.

கருவடிக்குப்பத்தில் ஆயிரம் வருஷப் பழசான ஒரு கொற்றவைக் கல் உண்டு. போன புயலில் மரம் சாய்ந்து அதன் ஒரு கை உடைந்துபோனது. பின்னமான சிலை பூஜைக்கு ஆகாது, கடலில் விட்டுவிட்டுப் புதுசு வைக்கலாம் என்றார் கோயில் கமிட்டித் தலைவர் விஜயராகவன். ஊரில் பாதிப்பேர் கூடாது என்றார்கள். ஊர்க்கூட்டத்தில் பேசி ஜெயிக்கக் கமலக்கண்ணனைக் கூப்பிட்டார் அவர்.

கூட்டத்தன்று மத்தியானம், நெல்லித்தோப்பு வீட்டில் மனைவி சிவசங்கரி முன்னால் பேசிப் பார்த்தான். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"பின்னப்பட்ட உடம்பில் அம்மன் குடியிருப்பாளா? முழுசாக இல்லாததை முழு மனசோடு கும்பிட முடியுமா?"

அவள் கை நின்றது.

"எப்படி இருக்குது?"

"நல்லா இருக்குதுங்க. முடியாதுன்னு எனக்கே தோணிடுச்சு. அதான் கொஞ்சம் பயமா இருக்குது."

கோபமே இல்லாமல்தான் சொன்னாள். தை மாதம் அவளுக்குப் புற்றுநோய் ஆபரேஷன் நடந்து ஒரு மார்பை எடுத்திருந்தார்கள். மாத்திரை, ஸ்கேன் எல்லாம் அவன்தான் பார்த்துக்கொண்டான். அதைப் பற்றி மட்டும் இருவரும் பேசியதில்லை.

"சங்கரி, நான் உன்னைச் சொல்லல..."

"தெரியும். கல்லைத்தான சொன்னீங்க."

சாயங்காலம் மைக் முன்னால் நின்றான்.

"நல்லா ஒரு பேச்சு தயார் பண்ணி வச்சிருந்தேன். கேட்டா கை தட்டுவீங்க. ஆனா அது நெசமில்ல. பின்னம்னு ஒரு வார்த்தைய சொல்லிட்டா, அதுக்கப்புறம் நாம அவ மூஞ்சியவே பாக்குறதில்ல. கைதான் போச்சு. அவ அங்கதான் இருக்கிறா."

அதோடு உட்கார்ந்துவிட்டான். யாரும் கை தட்டவில்லை.

"என்னய்யா, கவுத்துட்டியே!" என்றார் விஜயராகவன்.

பூ விற்கும் செல்வாம்பாள் எழுந்தாள். "வெள்ளிக்கிழம நான் அந்த ஒடஞ்ச எடத்துலதான் குங்குமம் வச்சேன். அவ ஒண்ணும் வேணாம்னு சொல்லல."

சிரிப்பு எழுந்தது. அதற்குப் பிறகு சண்டை நீளவில்லை. சிலை அங்கேயே இருக்கட்டும், மேலே ஒரு கூரை போடுவோம் என்று முடிவானது. விஜயராகவன் முறைத்துக்கொண்டேதான் தலையாட்டினார்.

வீட்டுக்குள் நுழைந்ததுமே சிவசங்கரி கேட்டாள். "சொதப்பிட்டீங்களாமே?"

"ஆமா."

"நாளைக்கு என்னையும் அங்க கூட்டிட்டுப் போங்க."

காலையில் ஸ்கூட்டரில் போனார்கள். சிவசங்கரி குனிந்து வெகுநேரம் பார்த்தாள். உடைந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தாள்.

"கரடுமுரடா இருக்குதுங்க."

அவள் கைமேல் அவன் தன் கையை வைத்தான்.

"இருக்கட்டும்" என்றான்.