கட்டைக் குடிலில் பிறந்த ஜனாதிபதி

ஜனாதிபதி ஆசா பெல்டன் பதவியேற்ற நான்காம் நாள், வெள்ளை மாளிகையின் படுக்கையறைச் சுவரில் ஓக் மரக்கட்டைகள் முளைத்தன. பணியாளர்கள் கோடரியால் வெட்டினார்கள். மறுநாள் இன்னும் பருமனாக, இடுக்குகளில் களிமண் பூசிக்கொண்டு நின்றன. அவர் மனைவி லவினியாவுக்குக் காரணம் உடனே புரிந்தது. ஆசா பிறந்தது ஓஹையோவில், ஒரு வக்கீலின் செங்கல் மாடிவீட்டில். ஆனால் குடிசையில் பிறந்தவர் என்றால்தான் அந்த நாட்டில் ஓட்டு விழும். கட்சிக்காரர்கள் மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டி, சக்கரம் வைத்த கட்டைக் குடில் ஒன்றை மாடு பூட்டி ஊர் ஊராக இழுத்து, ஆப்பிள் மதுவை ஓசியில் ஊற்றி, இதில்தான் பிறந்தார் என்று தொண்டை கிழியக் கத்தியிருந்தார்கள். பத்து லட்சம் பேர் நம்பினார்கள். அத்தனை பேர் நம்பிய பிறகு குடில்தான் பாவம் என்ன செய்யும், வந்துதானே ஆகவேண்டும்.

வந்ததோடு விடவில்லை. மே மாதம் ஆசாவின் நரை கறுத்தது. ஜூலையில் மூட்டுவாதம் போனது. செப்டம்பரில் தாடி உதிர்ந்து, கையெழுத்து பள்ளிக்கூடப் பிள்ளையின் கிறுக்கலானது. மசோதாக்கள் என்னவோ செல்லுபடியாயின. பிறந்த இடத்துக்கே நாடு அவரை இழுத்துக்கொண்டு போகிறது என்று லவினியா கண்டுகொண்டாள்.

"ஏங்க, ஒரே ஒரு வார்த்தை. செங்கல் வீட்டுலதான் பொறந்தேன்னு சொல்லிடுங்க."

"சொன்னா அடுத்த தேர்தல்ல எவன் நம்புவான், லவினியா?"

கட்சித் தலைவர் ப்ரூயிட்டோ, "எளமையான தலைவர்னா ஜனங்களுக்கு உசுரும்மா, பயப்படாதீங்க" என்றார். அந்த ஆளை ஓங்கி அறையவேண்டும்போல் அவளுக்கு ஆத்திரம் வந்தது.

நவம்பரில் ஒருவழியாக ஆசா மனம் இறங்கினார். அதற்குள் முன்பற்கள் விழுகிற வயதுக்கு வந்திருந்தார். மாடத்தில் நின்று அவர் செங்கல் வீட்டைப் பற்றிப் பல் போன வாயால் குழறிச் சொன்னது கீழே ஒருவருக்கும் விளங்கவில்லை. கூட்டம் தொப்பிகளை வீசி ஆரவாரம் செய்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்திய காலை, படுக்கையறையில் முழுசாக எழும்பிவிட்ட குடிலுக்குள் குழந்தை வீரிட்டது. துணை ஜனாதிபதி பத்து மணிக்குப் பிரமாணம் எடுத்துக்கொண்டார். லவினியா கணவரைச் சால்வையில் சுற்றிக்கொண்டு ரயிலேறினாள். இவரைப் பற்றி இனி யாரும் எதையும் நம்பிவிடக் கூடாதே என்பதுதான் அவள் பயமெல்லாம். ஒரு நிலையத்தில் விவசாயி ஒருவர் ஜன்னலருகே வந்து தொப்பியைக் கழற்றினார்.

"இவருக்குத்தாம்மா நான் ஓட்டுப் போட்டேன். ஒருதரம் கை குலுக்கிக்கட்டுமா?"

"இப்பதான் பால் குடிச்சிட்டுத் தூங்குறாரு. எழுப்பாதீங்க."

விவசாயி தலையாட்டிவிட்டு, பின்னால் நின்ற நீண்ட வரிசையைச் சத்தம் போடாமல் இருக்கச் சொன்னார்.