அட்டையை ஏற்கும் இடம்

அரசுக் காப்பீட்டு அலுவலகத்தார் அளித்த பட்டியலில், காப்பீட்டு அட்டையை ஏற்கும் இருபத்துமூன்று மனநல மருத்துவமனைகள் இருந்தன. அவற்றை அழைத்துப் பேசும் பொறுப்பை அண்ணனுக்காக நான் ஏற்றுக்கொண்டேன்.

அண்ணன் பேருந்து ஓட்டுநர். நான்கு மாதங்களுக்கு முன், பயணிகள் அமர்ந்திருக்கும்போதே ஒரு நிறுத்தத்தில் வண்டியை அணைத்துவிட்டு இறங்கி, வீட்டுக்கு நடந்தே வந்துவிட்டார். அதன்பின் வேலைக்குச் செல்லவில்லை, பேச்சும் குறைந்தது. சென்ற வாரம் அண்ணி வீட்டிலிருந்த கத்திகளையெல்லாம் செய்தித்தாளில் சுற்றி, மாடியில் குடியிருக்கும் என்னிடம் கொண்டுவந்தார்.

"கொஞ்ச நாள் உன்கிட்ட இருக்கட்டும்மா" என்றார். ஏன் என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

வெள்ளிக்கிழமை நான் வேலை செய்யும் கண்ணாடிக் கடையில் விடுப்புச் சொல்லிவிட்டு, அண்ணன் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து காலையிலிருந்து அழைக்கத் தொடங்கினேன். முதல் மூன்று எண்கள் உபயோகத்தில் இல்லை. நான்காவது ஒரு டயர் கடை.

"இங்க டயருக்குத்தாம்மா காத்தடிப்போம், தலைக்கு இல்ல" என்றார் கடைக்காரர். பாவம், அவரை நாள்தோறும் பலர் அழைப்பார்கள் போலும்.

ஐந்தாவது இடத்தில், பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களை மட்டுமே பார்ப்பதாகச் சொன்னார்கள்.

"நாப்பத்தொண்ணு வரைக்கும் காத்திருந்தது இவர் தப்புதான்" என்றார் அண்ணி. இருவரும் சிரித்துவிட்டோம். உள்ளறையில் அண்ணன் புரண்டு படுக்கும் ஓசை கேட்டதும் அடங்கினோம்.

மற்ற இடங்களில் ஒரே பதில்தான். "அந்த அட்டைய இப்ப எடுக்கறதில்லைங்க. பணம் கட்டுனா நாளைக்கே பாக்கலாம்."

பத்தொன்பதாவது எண்ணில் பேசிய எழுத்தர் பெண்மணி அட்டை எண்ணைக் கேட்டுச் சரிபார்த்தார்.

"எடுத்துக்கறோம்மா. ஒம்பது கேள்வி இருக்கு. அவரே பதில் சொல்லணும். அதை வச்சுத்தான் தேதி குடுப்போம்."

அண்ணி அண்ணனைக் கைத்தாங்கலாக அழைத்துவந்து அமர்த்தினார். நான் கைபேசியின் ஒலிபெருக்கியை இயக்கினேன்.

"தூக்கம் எப்படிங்க?"

"பரவால்லைங்க."

"சாப்பாடு?"

"அதெல்லாம் நல்லாவே போகுதுங்க."

"செத்துடலாம்னு எப்பவாவது தோணுதா?"

"சேச்சே, இல்லைங்க."

மீதி ஆறுக்கும் இதே பதில்தான். ஏழு மாதம் கழித்து ஒரு தேதியைக் கொடுத்து எழுத்தர் இணைப்பைத் துண்டித்தார்.

"ஏண்ணே இப்படிப் பொய் சொன்னீங்க?" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது.

அண்ணன் தரையைப் பார்த்தபடி இருந்தார். "எவ்வளவு மரியாதையாக் கேக்குது அந்தப் பொண்ணு. அதுகிட்டப் போய் இதையெல்லாம் எப்படிச் சொல்றது? பாவம், மனசு கஷ்டப்படும்ல?"

எங்கள் வீட்டில் யார் கேட்டாலும் நலம் என்றே சொல்லிப் பழகியவர்கள் நாங்கள். அவரைக் கடிந்துகொள்ள எனக்குத் தகுதியில்லை.

சற்று யோசித்துவிட்டுச் சொன்னேன். "அவங்க இப்ப எல்லாத்தையும் தப்பா எழுதி வச்சிருப்பாங்கண்ணே. நாளைக்கு மேலதிகாரி அவங்களத்தான் கேப்பாரு."

அண்ணன் நிமிர்ந்தார். "அப்படியா?" என்றவர் கையை நீட்டினார். மீண்டும் அழைத்து, ஒலிபெருக்கியை இயக்கிக் கொடுத்தேன்.

"மன்னிக்கணும்ங்க. கொஞ்சம் முன்னாடி தப்பாச் சொல்லிட்டேன். திருத்தி எழுதிக்கிறீங்களா?"

அண்ணன் ஒவ்வொன்றாகத் திருத்தினார். தூங்குவதில்லை என்றார். சாப்பாட்டைக் குப்பையில் கொட்டுவதாகச் சொன்னார். எழுத்தர் சாவைப் பற்றிய கேள்வியை மிக மெதுவாகக் கேட்டார்.

"தோணுதுங்க."

"எப்பன்னு ஏதாவது முடிவு பண்ணியிருக்கீங்களா?"

"ஞாயித்துக்கெழமைங்க."

எழுத்தர், "பக்கத்துல இருக்கறவங்க கேளுங்க. ஒரு நிமிஷம்கூட அவரத் தனியா விடாதீங்க. இப்பவே கூட்டிட்டு வாங்க. டாக்டர்கிட்ட நான் சொல்லி வைக்கிறேன்" என்றார்.

"ரொம்பச் சிரமம் குடுத்துட்டேங்க" என்றார் அண்ணன்.

அண்ணி சுவரில் சாய்ந்து நின்றார். ஞாயிறன்று அவர் தம் தாய்வீட்டுக்குச் செல்வதாக இருந்தது.

"அதுக்குத்தான் போயிட்டு வா, போயிட்டு வான்னு நாலு நாளாச் சொன்னீங்களா?" என்றார்.

அண்ணன் குனிந்து செருப்பைத் தேடினார். அண்ணி, திருடனைப் பிடித்தவர்போல் அவர் மணிக்கட்டை இறுகப் பற்றியபடி வாசற்படி இறங்கினார். நான் அட்டையுடன் பின்னால் சென்றேன்.