நம்பாமோவின் வெந்நீர்

தொனாத்தா உலைக் கதவைக் காலால் எட்டி உதைத்தாள். மூன்றாவது உதையில்தான் அது திறந்தது. எந்த ஓட்டை வழியாக நுழைந்ததோ, உள்ளிருந்து ஒரு பூனை பாய்ந்து ஓடியது. வாண்டல் படைகள் கார்த்தேஜ் நகரைப் பிடித்ததிலிருந்து விறகு வண்டி வருவதில்லை. ஊர்க் குளியல் மண்டபம் குளிர்ந்துபோய் மூன்று வருடம் ஆகிறது.

அவள் அப்பா நம்பாமோ முப்பத்தெட்டு வருடம் இந்த உலைக்குத் தீ போட்டவர். இன்று விடிந்ததும் வீட்டில் அவர் உயிர் போய்விட்டது. செத்தவரைக் கூப்பிடும் வழக்கப்படி மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தாயிற்று. இனி வெந்நீர் ஊற்றிக் கழுவ வேண்டும். வீட்டு அண்டாவில் காய்ச்சியது வேண்டாம், என் கொதிகலன் தண்ணீர்தான் வேண்டும் என்று நேற்று கேட்டிருந்தார். ஊருக்கே வெந்நீர் போட்ட மனுஷன் தனக்கென்று கேட்டது அது ஒன்றுதான்.

அண்ணன் ரொகாத்து எல்லாவற்றுக்கும் ஒரு முட்டுக்கட்டை வைத்திருந்தான். விறகில்லை, கொதிகலன் ஒழுகும், மண்டபத்தைப் பூட்டச் சொன்ன ஊர்த்தலைவர் கயானுஸ் சும்மா விடமாட்டார்.

"செக்கடியில எண்ணெய் பிழிஞ்ச ஒலிவச் சக்கை மலையாக் கிடக்கு, நல்லா எரியும். ரெண்டு கூடை தூக்கிட்டு வா."

"உனக்கு உலை மூட்டத் தெரியுமா?"

"தினமும் இங்க அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு வந்தது நீயா, நானா?"

முணுமுணுத்துக்கொண்டே போனான்.

அவள் படியேறிக் கொதிகலன் மூடியைத் தூக்கினாள். தூசியில்லை, பச்சைப் பாசியில்லை. உட்புறம் முழுக்கத் தேய்த்து எண்ணெய் தடவியிருந்தது. தகட்டு மடிப்புகளில் ஒழுகாமலிருக்கப் புதுக் கொழுப்பு அடைத்திருந்தது. சாயங்காலம் நடந்துவிட்டு வருகிறேன் என்று கிழவர் தினமும் போனது இங்கேதானா? அதுவரை அழாதவள் அங்கே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, மழைத்தொட்டியிலிருந்து தண்ணீர் இறைத்து ஊற்றினாள். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

ரொகாத்து கொண்டுவந்த சக்கையில் தீ பிடித்துக்கொண்டது. புகை ஊருக்கு மேலே ஏறியது. ரொகாத்துவும் பக்கத்து வீட்டுக்காரர்களும் அப்பாவைப் பலகையில் தூக்கி வந்து பளிங்குத் திட்டில் கிடத்தினார்கள். அவள் முதல் குடத்தை ஊற்றும்போது வாசலில் பேச்சுக்குரல் கேட்டது.

முப்பது பேராவது இருக்கும். தோளில் துண்டு, கையில் எண்ணெய்க் குப்பி, அழுக்குச் சுரண்டி. புகையைப் பார்த்து மண்டபம் திறந்துவிட்டது என்று ஓடி வந்திருக்கிறார்கள். முன்னால் நின்றவர் கயானுஸேதான், குளிக்கப் போடும் மரச்செருப்போடு.

"விறகு வந்துடுச்சாம்மா? எனக்கு யாரும் சொல்லவே இல்லையே."

தொனாத்தா ஈரக்கையோடு வாசலை மறித்து நின்றாள்.

"வரிசையா உக்காருங்க. முதல்ல அப்பா. அப்புறம்தான் நீங்க."

கயானுஸ் அவளைத் தாண்டித் திட்டைப் பார்த்தார். பிறகு தோளிலிருந்த துண்டை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"துவட்ட இதை வச்சுக்கோ."

அவர் போய்க் கல் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். ரொகாத்து யாரும் சொல்லாமலே காலிக் கூடைகளை எடுத்துக்கொண்டு செக்கடிக்குக் கிளம்பினான்.