தோஹாவிலிருந்து ஒரு துஆ

தௌஃபீக் தோஹாவின் வெயிலில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தான். போன விடுமுறையில் அவன் கொடுத்துவிட்டுப் போன விந்தணு, திருச்சி மருத்துவமனை ஒன்றில் உறைந்து கிடந்தது. மிச்சமிருந்தது ஒரே குப்பி.

அந்த மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருந்த அஃப்ரினுக்குத் தன் கணவன் இரண்டு பேராகத் தோன்றினான். ஒருவன் வியர்வையில் நனைந்தபடி. மற்றவன் பனிக்குள் அயர்ந்து தூங்கியபடி.

"உருக்கியாச்சும்மா. ரொம்ப நேரம் வைக்கக் கூடாது," என்றார் டாக்டரம்மா.

"கொஞ்சம் பொறுங்க டாக்டர். புருஷன் பொண்டாட்டி சேரும்போது ஓதுற துஆ ஒண்ணு இருக்கு. அவரு தான் ஓதாம ஆரம்பிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு. போனை எடுக்க மாட்டேங்குறாரே!"

"இதுக்குமாம்மா?"

"இதுவும் அதுதானே டாக்டர்?"

டாக்டரம்மா சிரித்தார். ஆனால் அவர் கண் கடிகாரத்துக்குப் போனது. மாலை என்று சொல்லியிருந்த மருத்துவமனைக்காரர்கள் காலையிலேயே கூப்பிட்டுவிட்டார்கள். அது தௌஃபீக்குக்குத் தெரியாது. அஃப்ரின் மறுபடி அழைத்தாள். மணி மட்டும் அடித்து ஓய்ந்தது.

"சரி, ஆரம்பிங்க. நானே ஓதிக்கிறேன்," என்று கண்களை மூடினாள்.

அப்போது போன் அதிர்ந்தது.

"என்ன புள்ள, இத்தனை தடவை கூப்பிட்டிருக்க?"

"மச்சான், ஓதுங்க. இப்பவே!"

"இப்பவா? உச்சியில உக்காந்திருக்கேன். கீழ எறங்கிக்கிறேனே."

"எறங்க வேணாம் மச்சான். நீங்கதான் இங்க வந்துட்டீங்களே."

காற்றின் இரைச்சல் கேட்டது. அதனூடே அவன் மெல்ல ஓதத் தொடங்கினான். ஏசி அறைக்குள் மணல்வெளியின் அனல் பரவியது. பனியில் தூங்கியவன் கண்விழித்து, ஊர் வந்து சேர்ந்தவனைப் போல அவளிடம் வந்துகொண்டிருந்தான்.