மூக்குக்கண்ணாடி

ஸ்பீக்கர் பெட்டி மறுபடியும் கரகரத்தது. ஒரு பெண் பஸ் டிப்போவுக்குப் போன் செய்து, தொலைந்துபோன குடையைப் பற்றி ஆங்கிலத்தில் விசாரிக்கிறாள். அதைக் கேட்டுவிட்டுப் பிள்ளைகள் சரியான விடைக்கு டிக் அடிக்க வேண்டும், அவ்வளவுதான் தேர்வு. ஆனால் எங்கள் பள்ளி ஸ்பீக்கரில் அவள் கிணற்றுக்குள்ளிருந்து பேசினாள். பெட்டியின் தலையில் ஒரு தட்டு தட்டினேன். அத்தோடு வாயை மூடிக்கொண்டாள். ஒன்பதாம் வகுப்பு கொல்லென்று சிரித்தது. பெட்டி மக்கர் செய்தால் ஆசிரியரே வாசிக்கலாம் என்று விதி இருக்கிறது. வாசித்தேன். இரண்டு முறை, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல்.

வகுப்பு மொத்தமும் முழு மதிப்பெண். இலக்கணத் தாளில் முட்டை வாங்கியவர்கள், குடைக்கு ஆங்கிலத்தில் என்ன என்று கேட்டால் கூரையைப் பார்ப்பவர்கள், எல்லோரும். நானும் அசட்டுத்தனமாகப் பூரித்துப்போய், தாள்களைத் தலைமையாசிரியையின் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். அவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"கடைசி பெஞ்சு கூடவா, டீச்சர்?"

"நல்லா கேட்டிருக்காங்க, மேடம்."

"அவங்க கேட்டாங்களா, நீங்க சொன்னீங்களான்னு தெரியலையே."

மறுநாள் வேறொரு உரையாடலை வைத்து மறுதேர்வு. அவரே வந்து உட்காருவாராம். அதில் பிள்ளைகள் கோட்டை விட்டால், நான் விடை சொல்லிக் கொடுத்ததாக மேலிடத்துக்கு எழுதிவிடுவாராம். இத்தனை வருடம் தொண்டை கிழியக் கத்தியதற்குக் கிடைத்த மரியாதை இது. வயிற்றெரிச்சலோடு வகுப்புக்குத் திரும்பி, வாய் ஓயாத காரணத்தால் எல்லோரும் ரேடியோ என்று கூப்பிடும் பெண்ணை வராந்தாவுக்கு இழுத்து வந்தேன்.

"உண்மைய சொல்லுடி. விடையெல்லாம் எங்கருந்து கிடைச்சுது?"

"ஐயோ மிஸ், நீங்கதானே சொன்னீங்க!"

"நானா?"

"விடை வர்றதுக்கு முன்னாடி கண்ணாடிய மேல தள்ளுவீங்கல்ல? அதுக்கப்புறம் என்ன வருதோ அதுக்கு டிக் அடிச்சிடுவோம். ஆறாவதுலருந்தே அப்படித்தான் மிஸ். உங்களுக்குத் தெரியும்னுல்ல நினைச்சோம்."

ஆக, இத்தனை நாளும் இவர்கள் உன்னிப்பாகப் படித்த ஒரே பாடம் என் மூக்கு. பளாரென்று யாரையாவது அறைய வேண்டும் போலிருந்தது. யாரை அறைவது என்பதுதான் தெரியவில்லை. கூடவே சிரிப்பும் வந்து தொலைத்தது, அது இன்னும் எரிச்சல்.

"நாளைக்குத் தள்ள மாட்டேன். காதைத் தீட்டிக்கிட்டு வாங்க" என்றேன்.

மறுநாள் ஸ்பீக்கர் பெட்டி முனகக்கூட இல்லை. தலைமையாசிரியை என் நாற்காலியை எடுத்துப்போட்டு, கரும்பலகைக்கு முன்னால் வகுப்பைப் பார்த்து உட்கார்ந்தார். நான் பின்சுவரோரம் போய் நின்றுகொண்டேன். அங்கே நின்றால் பிள்ளைகள் யாருக்கும் என் முகம் தெரியாது. ஒரு கையில் தாள், இன்னொரு கை முதுகுக்குப் பின்னால். ஒருவன் பல் டாக்டரிடம் போவதற்குப் போனில் நாள் கேட்கிறான். தண்டோரா போடுகிறவனைப் போல ஒரே சுருதியில் வாசித்துக்கொண்டு போனேன். எந்தக் கிழமை என்பது முதல் கேள்வி. கிழமை வந்தது. நிறுத்தாமல் தாண்டிப் போனேன்.

ஒரு பேனாவும் அசையவில்லை.

முதல் தடவை முடிந்தது. இரண்டாவது தடவை ஆரம்பித்தேன். அதற்கப்புறம் வாசிப்பு கிடையாது. மின்விசிறி சுற்றியும் எனக்கு வியர்த்தது. கிழமை வரும் வரியை நெருங்கும்போது கடைசி பெஞ்சில் ரேடியோ மெல்லத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். அவளைப் பார்த்துப் பக்கத்திலிருந்தவள் திரும்பினாள். பிறகு அதற்கு முன் வரிசை, அதற்கும் முன் வரிசை. பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி மொத்த வகுப்பும் என் மூக்கைப் பார்த்தது. அத்தனை தலைகளுக்கும் அப்பால், தலைமையாசிரியையும் பார்த்தார்.

வியர்வையில் கண்ணாடி நிஜமாகவே மூக்கிலிருந்து வழுக்கிக்கொண்டிருந்தது. தாளில் எழுத்துகள் கலங்கத் தொடங்கின.