சிங்கப்பல்லில் நிற்காத கொக்கி

மூன்று மாதத்தில் மூன்றாவது தடவையாக, பல்வரிசையை நேராக்கக் கட்டிய கம்பியைத் தாங்குகிற பிராக்கெட் ஒன்று கழன்று, ஜெனிலாவின் வாய்க்குள் கம்பியில் ஊஞ்சலாடியது. மேல்வரிசையில் வலது பக்கத்துச் சிங்கப்பல்லில் ஒட்டியிருந்த, ஓரத்தில் குட்டிக் கொக்கி வைத்த, அரிசி அளவு இரும்புத் துண்டு. மற்றப் பற்களில் ஒட்டியவை ஒன்றும் அசையவில்லை. இது மட்டும் ஏன் விழுகிறது என்று அவளுக்குப் பிடிபடவே இல்லை.

சாப்பாட்டில் அவள்மேல் குற்றம் சொல்ல முடியாது. முறுக்கைத் தொட்டு எட்டு மாதமாகிறது. கொய்யாவைத் துருவித்தான் தின்றாள். ஞாயிற்றுக்கிழமைக் கறியை அம்மா ஏசம்மாள் எட்டு விசில் விட்டுக் குழைத்துப் போட்டாள்.

"வாய் நெறயப் பல்ல வச்சுக்கிட்டுப் பச்சப்புள்ள சோறு திங்கா. கட்டிக்கப்போறவன் வீட்ல குக்கர் இருக்கான்னு மொதல்ல கேக்கணும்ட்டி" என்பாள் அம்மா.

சாப்பிட்டு எழுந்ததும் வாய் கொப்பளித்து, கம்பிக்கு அடியில் நுழைகிற குட்டி பிரஷால் ஒவ்வொரு இடுக்கையும் தேய்ப்பாள். வேலைக்குப் போகிற பையிலும் ஒரு பிரஷ் இருந்தது. இதற்குமேல் என்ன செய்ய?

மம்சாபுரத்திலிருந்து பஸ் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, பல் டாக்டர் அனுக்ரஹாவின் நாற்காலியில் போய்ச் சாய்ந்தாள். டாக்டர் கழன்ற துண்டை எடுத்து, பூதக்கண்ணாடிக்கு அடியில் வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எப்பம்மா விழுது? வீட்லயா, வேலையிலயா?"

"மூணு தடவையும் தறியிலதான் மேடம். ஆனா அங்க நான் தண்ணி மட்டுந்தான் குடிப்பேன்."

"கடினமானதைக் கடிச்சு விழுந்திருந்தா இந்தக் கொக்கி உள்பக்கமா நசுங்கியிருக்கணும். இது வெளிப்பக்கமா நிமிர்ந்திருக்கு. பசையோட குணம் அப்படி. அழுத்தினா தாங்கும். ஓரத்தைப் பிடிச்சு உரிச்சாத் தாங்காது." டாக்டர் தன் நெற்றியைக் காட்டினார். "இந்த ஸ்டிக்கர் பொட்டை நடுவுல எவ்வளவு அழுத்தினாலும் வராது. ஓரத்துல நகத்தை வச்சா வந்துரும். நீ எதையோ கொக்கியில மாட்டி இழுக்கறே."

"சத்தியமா இல்ல மேடம்."

கொக்கி இல்லாத பிராக்கெட்டை ஒட்டலாம். ஆனால் பல்லைக் கீழே இறக்குகிற ரப்பர் வளையத்தை அந்தக் கொக்கியில்தான் மாட்ட வேண்டும். டாக்டர் பல்லைத் துடைத்து, மேல்பூச்சைச் சொரசொரப்பாக்கி, பசை வைத்து, நீல வெளிச்சத்தைக் காட்டி இறுக்கினார்.

"ஒவ்வொரு தடவையும் எனாமலைத் தேய்க்கறேன். அது திரும்ப வளராது. இன்னொரு தடவை விழுந்தா ஒட்ட மாட்டேன் ஜெனிலா. மொத்தத்தையும் கழட்டிருவேன்."

சிங்கப்பல் இறங்குவதற்கு இடம் வேண்டுமென்று நல்ல பல்லாகவே ரெண்டைப் பிடுங்கியிருந்தார்கள். இடது பக்கம் இறங்கி வரிசையில் சேர்ந்துவிட்டது. வலது பக்கம் இன்னும் ஈறு உயரத்தில் நின்றது. அதற்குப் பக்கத்தில் விரல் நுழைகிற ஓட்டை. இப்போது கழட்டினால் சிங்கப்பல்லும் மிச்சம், ஓட்டையும் மிச்சம். சிரிக்கும்போது வாயைப் பொத்துகிற கையை எடுக்கத்தானே இவ்வளவும்.

மறுநாள் இராஜபாளையத்துக்கு வெளியே, அவள் பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்கூடத்தில், பக்கத்துத் தறி பிச்சையம்மாளிடம் போய் நின்றாள். இருபது தறி ஓடுகிற சத்தத்தில் பேச்சு காதில் விழாது. உதட்டசைவைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள்.

"யக்கா, இன்னிக்குச் செத்த நேரம் என் வாயவே பாத்துக்கிட்டிருங்க. என்ன செய்யுதேன்னு சொல்லுங்க."

"ஒன் வாயில என்ன படமாட்டி ஓடுது?" என்று பிச்சையம்மாளின் உதடு கேட்டது. ஆனாலும் பார்த்தாள்.

அரை மணி நேரம் கழித்துத் தண்ணீர்ப் பானையருகே வந்தாள். "ஒண்ணுமே செய்யல நீ. வேலதான் பாத்த."

"கையி வாய்க்கிட்டப் போச்சா?"

"நூலக் கடிக்கையில போகத்தான செய்யும். எல்லாருந்தான் கடிக்கோம்."

ஜெனிலா நாக்கு நுனியால் அந்தக் கொக்கியைத் தொட்டுப் பார்த்தாள்.

தறியில் நீளவாக்கில் ஓடுகிற பாவு இழை அறுந்தால், இரண்டு முனையையும் சேர்த்து முடிச்சுப் போட வேண்டும். முடிச்சை இடது கை பிடித்துக்கொள்ளும், நீண்டு நிற்கிற வாலை வலது கை இழுத்துப் பிடிக்கும். வெட்ட மூன்றாவது கை கிடையாது. கத்தரி தறியின் கோடியில் ஆணியில் தொங்கும். அதனால் அந்தக் கூடத்தில் யாருக்கும் பல்தான் மூன்றாவது கை. இழையை வலது பக்கப் பல்லில் வைத்து, விரலால் வெளியே ஒரு சுண்டு. ஒன்பது வருஷமாக, அவள் அதைச் செய்வது அவளுக்கே தெரியாது. மூன்று மாதமாக அந்த இடத்தில் கொக்கி இருக்கிறது. இழை அதில் மாட்டுகிறது, கை சுண்டுகிறது. ஒரு சுண்டில் ஒன்றும் ஆகாது. ஒரு நாளைக்கு நூறு சுண்டில், ஸ்டிக்கர் பொட்டின் ஓரத்தைப் போலப் பசை மெல்லக் கிளம்பிவிடுகிறது.

காரணம் தெரிந்துவிட்டது, இனி கடிக்கவே மாட்டேன் என்று தறிக்குத் திரும்பினாள். கால் மணி நேரத்தில் உதட்டில் பஞ்சு ஒட்டியிருந்தது. எப்போது கடித்தாள்? நினைவில்லை.

ஆணிக் கத்தரியை எடுத்து இடுப்பில் சொருகினாள். இழை அறுந்ததும் கை கத்தரிக்குப் போகவில்லை, வாய்க்குத்தான் போனது. கம்பி உதட்டில் உரசாமலிருக்க டாக்டர் கொடுத்திருந்த மெழுகைக் கொக்கிமேல் உருட்டி அப்பினாள். நூல் மெழுகை அறுத்துக்கொண்டு உள்ளே போனது. விரலில் வேப்பெண்ணெய் தடவினாள். கசப்பு நாக்கில் தெரியும்போது இழை ஏற்கெனவே அறுந்திருந்தது. மூன்றாம் நாள் நாக்கால் தள்ளிப் பார்த்தாள். பிராக்கெட்டின் மேலோரம் லேசாக ஆடுவதுபோல் இருந்தது. உண்மையில் ஆடுகிறதா, பயத்தில் தோன்றுகிறதா என்று தெரியவில்லை. தன் கையைத் தானே தடுக்க முடியாமல் தறியருகே உட்கார்ந்து அழுதாள்.

பிச்சையம்மாள் வந்து குனிந்தாள். "ஏட்டி, பேசாம வாயக் கட்டிப் போட்டுரு."

கேலியாகத்தான் சொன்னாள். ஜெனிலா கண்ணைத் துடைத்துக்கொண்டு பேக்கிங் பகுதிக்குப் போனாள். அங்கே பெண்கள் கட்டு நூலை வெட்ட, மோதிரம் போல விரலில் மாட்டுகிற குட்டி பிளேடு வைத்திருந்தார்கள். அதில் ஒன்றும் ஒரு முகக்கவசமும் கேட்டு வாங்கி வந்தாள்.

"அப்ப எங்கிட்ட எப்படிப் பேசுவ? ஒதடே தெரியாதே" என்றாள் பிச்சையம்மாள்.

ஜெனிலா முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு, இனி கையாலேயே பேசிக்கொள்ளலாம் என்பதுபோல் ஆட்டிக் காட்டினாள்.

அடுத்த தடவை ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனபோது டாக்டர் பிராக்கெட்டை ஊசிமுனையால் தட்டி, ஒட்டின இடம் கெட்டியாகத்தான் இருக்கிறது, ஆடவில்லை என்றார். ஆறு வாரம் கழித்தும் அது விழவில்லை. பல் அரிசி அகலம் கீழே இறங்கியிருந்தது. அவள் கை இன்றைக்கும் நூலை வாய்க்குத்தான் கொண்டுபோகிறது, அதை அவளால் மாற்ற முடியவில்லை. நூல் முகக்கவசத்தில் இடிக்கிறது. இடித்ததும் அவளுக்கு நினைவு வருகிறது. இடது விரல் மோதிரத்திலிருக்கும் பிளேடில் வாலை வைத்து வெட்டிக்கொள்கிறாள்.