கலயத்துத் தேரை

விட்டில் பூச்சியின் ஒரு சிறகை மட்டும் கிள்ளிவிட்டுக் கலயத்துக்குள் போட்டான் செண்பகராஜ். முழுச் சிறகோடு விட்டால் வாய்த்துணி இடுக்கு வழியே வெளியே வந்துவிடுகிறது. கொன்று போட்டால் தேரை தொடுவதில்லை. அசைவதைத்தான் தின்னும் என்பதை இந்த மூன்று நாளில் தெரிந்துகொண்டிருந்தான்.

சரியாக விடிந்திருக்கவில்லை. கலயம் தொட்டில் கயிற்றில், பிள்ளை விஜி படுக்கும் இடத்துக்கு நேர் மேலே தொங்கியது. விரல் நுனியால் நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்தான். வெளிறிக் கிடந்த தேரையின் முதுகில் மெல்ல மாநிறம் ஏறியது. மடக்கி வைத்திருந்த முன்கையை நீட்டி வாழை மட்டைத் துண்டைப் பற்றிக்கொண்டது.

"ஏங்க, பிள்ள பால் குடிக்க மாட்டேங்கா" என்றாள் வெயிலம்மாள். தொட்டிலிலிருந்து பிள்ளையை எடுத்து மடியில் போட்டிருந்தாள்.

"உறக்கத்துல இருக்கும். செத்த நேரம் கழிச்சுக் குடு."

துணியை இறுக்கிக் கட்டினான். முடிச்சு சரியாக விழவில்லை. அவிழ்த்து மறுபடி கட்டும்போது "ஏங்க" என்றாள் இன்னொரு தடவை. அந்தக் குரலுக்கு அவன் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

விஜிக்கு ஒன்பது மாதம். மாசியில் வயிற்றுப்போக்கு வந்தது, நின்றது, மறுபடி வந்தது. சித்திரை பிறக்கும்போது தொடைத்தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கி, முகம் வயதானவள் முகம் மாதிரி ஆகிவிட்டது. திங்கட்கிழமை கோவில்பட்டிக்குத் தூக்கிப் போனார்கள். வெயிலம்மாள் மாத்திரை வரிசையில் நின்றபோது நர்சம்மா செண்பகராஜைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"இங்க வச்சுப் பாக்க முடியாது. இன்னைக்கே பாளையங்கோட்டைக்குக் கொண்டு போயிருங்க. நாளைக்குன்னு இருக்காதீங்க." ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தாள்.

அவன் பத்தாவது வரை படித்தவன். தீப்பெட்டி ஆபீசில் சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்களுக்குப் பேப்பர் வாசித்துக் காட்டுகிறவன். சீட்டை இரண்டு தடவை வாசித்துச் சட்டைப் பையில் வைத்தான்.

மாற்றுத்துணி எடுத்துக்கொண்டு கிளம்பலாம் என்று அவன் மனசுக்குள் நினைத்து வீட்டுக்கு வந்தால், அக்கா அழகுத்தாய் சாமித்துரை வைத்தியரைக் கூட்டி வந்து உட்கார வைத்திருந்தாள். அவர் பிள்ளையின் அடிவயிற்றில் விரலால் சுண்டிப் பார்த்தார்.

"தேரை பாஞ்சிருக்கு. அதான் பிள்ள இப்படி வத்துது. மாத்திரைக்கு இது கேக்காது. உசிரோட ஒரு மரத்தேரை வேணும். தரையில தத்துதது இல்ல, விரல் ஒட்டி ஏறுமே, அது. புதுக் கலயத்துல போட்டு வாயக் கட்டி தொட்டிலுக்கு மேல தொங்க விடணும். அது உள்ள வத்த வத்த, பிள்ளைக்குச் சதை வைக்கும். மூணு நாள். அதுவரைக்கும் பிள்ள ஊர் எல்லையத் தாண்டப்படாது."

அவர் போன பிறகு வெயிலம்மாள் கேட்டாள். "நர்சம்மா என்ன சொன்னாவ?"

"டானிக் எழுதிருக்காவ. வாரக் கடைசில பாளையங்கோட்டை பெரியாஸ்பத்திரிக்கு ஒரு எட்டு போயிட்டு வரச் சொன்னாவ."

நம்பினானா என்று கேட்டால் அவனால் சொல்ல முடியாது. பெரியாஸ்பத்திரியில் அவன் வராந்தாவில் நிற்க வேண்டியிருக்கும். இங்கே செய்வதற்கு ஒரு வேலை இருந்தது.

சித்திரை மாதக் கரிசலில் மரத்தேரைக்கு எங்கே போவது? வெடிப்புக்குள் முழங்கை வரை போகும். அவ்வளவு ஆழத்திலும் ஈரம் இல்லை. செவ்வாய்க்கிழமை முழுக்கச் சைக்கிளில் அலைந்தான். ஏழு கிணற்றில் தண்ணீர் இல்லை. எட்டாவது கிணற்றடியில் இருந்த காவல்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"மனுசன் குடிக்கத் தண்ணியில்ல. தவளை குளிக்கதுக்கு நான் தொட்டி கட்டி வச்சிருக்கேனாலே?"

பிள்ளைக்கு என்று சொன்னதும் அவர் சிரிப்பு நின்றது. கயத்தாறு ரோட்டோரத்தில் ஒரு தோட்டத்தைக் கை காட்டினார். அங்கே மோட்டார் ஓடியது. முப்பது நாப்பது வாழை நின்றது. ஒவ்வொரு மட்டை இடுக்காக விலக்கிப் பார்த்தான். சாயங்காலம், உள்ளங்கை அளவு தண்ணீர் தேங்கிய ஒரு இடுக்கில் அது கண்ணை மூடி ஒட்டியிருந்தது. அதை எடுத்தபோது அவன் விரலைத் தன் விரல்களால் பற்றிக்கொண்டது. பற்றியது ஜில்லென்று இருந்தது.

கலயத்தின் வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் வைத்தியர் சொல்லியிருந்தார். முதல் நாள் இரவே உள்ளே பிராண்டும் சத்தம் நின்றுபோனது. செத்துவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லவில்லை. திறந்து பார்த்தான். காய்ந்த இலை மாதிரிக் கிடந்தது. தண்ணீர் தெளித்தான். வாழை மட்டை போட்டான். வியாழக்கிழமை அது ஒரே மூச்சில் மூன்று பூச்சி தின்றது. அன்றைக்கு மனசுக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்தது.

வெள்ளிக்கிழமை விடியலில் விஜி போய்விட்டாள். பச்சைப்பிள்ளை என்பதால் மேளம் இல்லை, தேர் இல்லை. நாலு ஆண்கள் மட்டும் ஓடைக்கரைக்குப் போனார்கள். செண்பகராஜ் துண்டில் சுற்றிக் கையில் ஏந்திப் போனான். கனமே இல்லை. மண் இறுகிக் கிடந்ததால் கடப்பாரையால் குத்திக் குத்தி ஒரு முழம் இறங்குவதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. மூடிய பிறகு நாய் கிளறாமல் இருக்க வேலிமுள் வெட்டிப் போட்டார்கள். ஒரு முள் அவன் கையில் ஏறியது. அவன் எடுக்கவில்லை.

திரும்பி வரும்போது சாமித்துரை வைத்தியர் முற்றத்தில் நின்றிருந்தார். கலயம் அவர் கையில் இருந்தது. துணியை அவிழ்த்து எல்லாருக்கும் தெரிகிற மாதிரிச் சாய்த்தார். தேரை தளதளவென்று மட்டைமேல் உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் பூச்சிச் சிறகுகள்.

"இதுக்குத் தண்ணி ஊத்துனது யாரு?"

"நான்தான்" என்றான் செண்பகராஜ்.

"அட பாவி! வத்த வேண்டியதுக்குத் தீனி போட்டு வளத்திருக்க. பெறகு எது வத்தும்?"

அழகுத்தாய் தலையில் அடித்துக்கொண்டாள். "ஏலே, ஒனக்கு எவம்ல புத்தி சொன்னான்? எம் மருமகளக் கொன்னு போட்டியே. தவளைக்குப் பசியமத்துன நீ!"

பக்கத்து வீட்டுப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். செண்பகராஜ் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். ஆமாம், ஆமாம். சட்டைப் பையில் சீட்டு நெஞ்சோடு ஒட்டியிருந்தது, வேர்வையில் நனைந்து. அவர்கள் இன்னும் சத்தமாகத் திட்டினால் தேவலை என்று இருந்தது. இந்தப் பழி போதும். இதற்குள் அவன் ஒடுங்கிக்கொள்ளலாம்.

அதுவரை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த வெயிலம்மாள் எழுந்து வந்தாள்.

"மைனி, விடுங்க. அவியள ஒண்ணும் சொல்லாதீய."

"நீ சும்மா இருட்டி. ஒனக்கு என்ன தெரியும்?"

"வாயில்லாத சீவன். எப்படிப் பட்டினி போட மனசு வரும்? அது பொழச்சுக் கெடந்தா நம்ம பிள்ளையும் பொழைக்கும்னு நெனச்சிருக்காவ. இவிய மேல என்ன தப்பு? ராப்பகலா ஒறங்கல. செய்ய வேண்டிய எல்லாத்தையும் செஞ்சாவ."

வைத்தியர் கையிலிருந்து கலயத்தை வாங்கினாள். செண்பகராஜ் அவள் முகத்தைப் பார்க்காமல் முற்றத்தில் அப்படியே உட்கார்ந்தான். திட்டிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியே போனார்கள்.

மறுநாள் காலையில் அவளே சொன்னாள். "எடுத்த எடத்துல இத விட்டுட்டு வந்துருவோம்."

"காரியம் முடியாம வாசலத் தாண்டுதாளே" என்று அழகுத்தாய் உள்ளேயிருந்து சத்தம் போட்டாள். வெயிலம்மாள் சைக்கிளின் பின்னால் ஏறிக் கலயத்தை மடியில் வைத்துக்கொண்டாள். ஆறு மைல். எதிர்காற்றில் கலயத்துத் துணி மட்டும் படபடத்தது.

தோட்டத்தில் ஆள் இல்லை. அவன் மட்டையை விலக்கிப் பிடிக்க, அவள் கலயத்தைச் சாய்த்தாள். தேரை உடனே போகவில்லை. கலய விளிம்பில் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு ஒவ்வொரு கையாக எடுத்து வைத்து வாழையில் ஏறி, மட்டைக்குள் இறங்கி மறைந்தது. அவள் வெறுங்கலயத்தை வாய்க்கால் ஓரத்தில் வைத்தாள்.

ரோட்டுக்கு வந்து அவன் சைக்கிளைத் திருப்பிக்கொண்டிருந்தபோது வடக்கேயிருந்து ஒரு பஸ் வந்தது. ரோட்டோரம் நின்ற இருவரையும் பார்த்து வேகம் குறைந்து நின்றது. கண்டக்டர் படியிலிருந்து தலையை நீட்டினார்.

"திருநவேலி, பாளையங்கோட்டை. ஏறுங்க அண்ணாச்சி, எடம் கெடக்கு."

செண்பகராஜ் இல்லை என்று கையசைத்தான். விசில் சத்தம் கேட்டது. பஸ் கிளப்பிய புழுதி அடங்கும்வரை வெயிலம்மாள் அது போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்கேருந்து பாளையங்கோட்டைக்கு எம்புட்டு நேரம் ஆவும்?"

அவன் சைக்கிள் ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டான்.

"ஒரு மணி நேரம்" என்றான்.